கண்டற் காடும் பிரதேச சபையும்

கடற்கரை என்றதும் மணற்பரப்பும் அலையோசையும் தென்னஞ்சோலையுமே பலரது நினைவில் எழும். இலங்கையின் வடமேற் கரையோ அவற்றோடு முடிந்துவிடுவதன்று. சிலாபத்திலிருந்து வடக்கு நோக்கிச் செல்பவர், ஒருபுறம் கடலையும் மறுபுறம் உவர்நீர்ப் பரப்புக்களையும் கண்டுகொண்டே செல்வர். முந்தல் வாவி, அதனைப் புத்தளத்தோடு இணைக்கும் ஒல்லாந்தர் கால்வாய், அதற்கும் அப்பால் ஏறத்தாழ 327 சதுர கிலோமீற்றர் விரிந்து கிடக்கும் புத்தளம் களப்பு என அந்நீர்ப்பரப்புக்கள் தொடர்கின்றன. கலா ஓயாவும் மீ ஓயாவும் உள்நாட்டிலிருந்து நன்னீரைக் கொணர்ந்து இக்களப்பிலே சேர்க்கின்றன. மேற்கே கற்பிட்டித் தீபகற்பம் ஒரு நீண்ட கரம்போல் நின்று கடலின் வேகத்தைத் தடுக்கிறது. வடக்கே களப்பு கடலோடு கலக்கிறது. 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த அரபு யாத்திரிகர் இபன் பதூதா, தாம் கரையிறங்கிய துறையைப் ‘பத்தாலா’ என்று குறித்தார். அத்துறை புத்தளமே என்பது அறிஞர் பலரின் கருத்து. அவ்வளவு பழமையான கரை இது.

இக்கரைக்கு அரணாகவும் அன்னமிடும் வயலாகவும் விளங்குவது கண்டற் காடு. நெய்தல் நிலத்தைப் பாடிய சங்கப் புலவர்கள் தாழையையும் ஞாழலையும் போலவே கண்டலையும் அறிந்திருந்தனர். எனினும், நெடுங்காலமாகப் பொதுமக்கள் அதனைச் சேற்று நிலத்துப் புதரென்றும், கொசுவுக்கு இருப்பிடமென்றும், விறகுக்கு மட்டுமே உதவுவதென்றும் எண்ணி வந்தனர். உப்பும் சேறும் அலைநீரும் கூடிய இடத்திலே பிற மரங்கள் பட்டுப்போகும். கண்டலோ அங்கேதான் தழைக்கும். அதன் ஓரினம் தண்டிலிருந்து விழுதுகளைப் போன்ற தாங்குவேர்களை இறக்கிச் சேற்றிலே காலூன்றுகிறது. மற்றோரினம் காற்றில்லாச் சேற்றினின்று மூச்சுவேர்களை மேல்நோக்கி அனுப்பிச் சுவாசிக்கிறது. சில இனங்களின் வித்து தாய்மரத்திலேயே முளைத்து, நீண்ட கோல்போல் வளர்ந்து, உரிய காலத்திலே நீரில் வீழ்ந்து மிதந்து சென்று, தனக்கு ஏற்ற இடத்திலே வேரூன்றுகிறது. கருவைச் சுமந்து ஈன்று அனுப்பும் தாயின் இயல்பு இம்மரத்துக்கு உண்டு.

இவ்வேர்களின் இடையே உள்ள அமைதியான நீரிலேதான் இறாற் குஞ்சும் நண்டும் மீன் குஞ்சும் பகைக்கு ஒளிந்து வளர்கின்றன. உதிரும் இலை அழுகி நுண்ணுயிர்க்கு உணவாக, அந்நுண்ணுயிர் சிற்றுயிர்க்கு உணவாக, அச்சிற்றுயிர் மீனுக்கு உணவாகிறது. களப்பிலே வலை வீசும் குடும்பத்தின் அடுப்பு, கண்டல் இலை சேற்றில் விழுவதனால் எரிகிறது என்று கூறினும் பொருந்தும். அன்றியும், இம்மரங்கள் காற்றிலுள்ள கரியைத் தம் உடலில் மட்டுமன்றித் தம் அடியிலுள்ள சேற்றிலும் சேர்த்துப் பூட்டி வைக்கின்றன. புவி வெப்பமடைந்து வரும் இந்நூற்றாண்டிலே உலகம் கண்டலை மதிக்கத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இத்தகைய காடு இக்கரையிலே எவ்வாறு குறைந்தது? விறகுக்கும் வேலிக்கும் வெட்டியது ஒருபுறம். பெருங்கேடு வந்தது இறால் வளர்ப்பினாலேயே. 1980களிலே இத்தொழில் வடமேற் கரையிற் பரவியது. வெளிநாட்டுச் சந்தையிலே இறாலுக்கு நல்ல விலை. களப்போரத்திலே மலிவான நிலம். கண்டற் காடும் உவர்ச் சதுப்பும் சில இடங்களிலே தென்னந்தோட்டமும்கூடக் குளங்களாக மாறின. சட்டப்படி அனுமதி பெற்றவர் சிலர். பெறாது தோண்டியவர் பலர். சில ஆண்டுகள் செல்வம் கொழித்தது. ஓலைக்குடிசை இருந்த இடத்திலே கல்வீடு எழுந்தது.

ஆனால், குளங்களுக்கு நீர் எடுத்ததும் ஒல்லாந்தர் கால்வாயிலிருந்தே. கழிவுநீரை விட்டதும் அதே கால்வாயிலேயே. ஒரு குளத்தின் நோய் மறுகுளத்தின் நீராயிற்று. 1980களின் இறுதியிலேயே ஒரு நோய் எச்சரிக்கை செய்துவிட்டுச் சென்றது. 1996ஆம் ஆண்டில் வெண்புள்ளி நோய் வந்தபோது பண்ணைகள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. கடன் வாங்கித் தோண்டியவர் கடனாளியாகவே நின்றார். பின்னர் எல்லாப் பண்ணைகளும் ஒரே காலத்தில் நீரெடுக்காவண்ணம், வலயம் வலயமாகக் காலம் வகுத்து இறால் வளர்க்கும் முறை கொண்டுவரப்பட்டு, தொழில் ஓரளவு நிமிர்ந்தது. பொதுநீரைப் பயன்படுத்துவோர் பொதுவிதிக்கு உட்பட்டாலன்றி எவரும் வாழ முடியாது என்னும் பாடத்தை அந்நோய் கற்பித்தது.

நோய் விட்டுச்சென்ற வடு இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. ஆராச்சிக்கட்டுவ, முந்தல், புத்தளப் பகுதிகளிலே கைவிடப்பட்ட இறாற் குளங்கள் கிடக்கின்றன. நாற்புறமும் மண்வரம்பு, நடுவே வெடித்த நிலம். வரம்பு இருப்பதனால் கடலேற்றத்து நீர் உள்ளே வருவதில்லை. நீரின்றி உலர்ந்த சதுப்புமண்ணிலுள்ள கந்தகச் சேர்வைகள் காற்றுப்பட்டு அமிலமாகின்றன. அங்கே கண்டலும் முளைக்காது, நெல்லும் விளையாது. பயனற்ற நிலத்துக்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

கெட்டதைத் திருத்த எவரும் முயலவில்லையா எனில், முயன்றவர் பலர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர், கண்டற் காடு கரையைக் காக்கும் என்னும் எண்ணம் நாடெங்கும் வலுத்தது. அரச திணைக்களங்களும் தொண்டு நிறுவனங்களும் பாடசாலைகளும் ஆயிரக்கணக்கிற் கன்றுகளை நட்டன. விழா நடந்தது, படம் எடுக்கப்பட்டது, பத்திரிகையிலே செய்தி வந்தது. பின்னர் என்ன நடந்தது என்பதை இலங்கை ஆராய்ச்சியாளர் வெளிநாட்டு அறிஞரோடு கூடி ஆராய்ந்து, 2017ஆம் ஆண்டிலே முடிவை வெளியிட்டனர். அவர்கள் சென்று பார்த்த இடங்கள் 23. அவற்றுள் 9 இடங்களில் ஒரு கன்றுகூட எஞ்சவில்லை. 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நடுவதற்கு முயற்சி செய்யப்பட்டிருந்தும், தழைத்து நின்றது ஏறத்தாழ 200 ஹெக்டேயரே. நட்டவற்றுள் பாதிக்கு மேல் பிழைத்த இடங்கள் மூன்றே மூன்று: கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு. அம்மூன்றனுள் முதலிரண்டும் புத்தளம் மாவட்டத்தைச் சேர்ந்தவை என்பது இக்கரை மக்கள் பெருமையோடும் பொறுப்போடும் நினைவிற் கொள்ளத் தக்கது.

மற்றைய இடங்களிலே கன்றுகள் மாண்டமைக்கு அவ்வாய்வு கூறிய காரணங்கள் எளியவை. முதலாவது, தகாத இடத்தில் நட்டமை. இலங்கைக் கரையிலே கடலேற்றத்துக்கும் வற்றுக்கும் இடையிலுள்ள உயர வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே, நிலம் ஓரடி தாழ்ந்தால் கன்று எப்போதும் நீரில் மூழ்கி அழுகும். ஓரடி உயர்ந்தால் நீர் காணாது கருகும். இரண்டாவது, மாடுகள் மேய்ந்தமையும் மிதித்தமையும். மூன்றாவதும் எல்லாவற்றினும் முதன்மையானதும், நட்டபின் கவனியாது விட்டமை. எங்கே பின்பராமரிப்பு இருந்ததோ அங்கே கன்று பிழைத்தது; எங்கே அது இல்லையோ அங்கே மடிந்தது. நடுவது ஒருநாள் வேலை. வளர்ப்பது பல்லாண்டு வேலை. குழந்தையைப் பெற்றுத் தெருவில் விட்டுவிட்டு, ‘பெற்றேன்’ என்று பெருமை பேசுவார் உண்டோ?

நடாமலே காடு வளர்க்கும் வழியும் ஒன்று உண்டு. சிலாபத்துக்கு வடக்கே ஆனைவிழுந்தான் என்னும் இடத்திலே, பண்டைக் குளங்கள் சங்கிலிபோல் ஒன்றோடொன்று தொடர்ந்து கடற்கரைவரை செல்கின்றன. நன்னீர்க் குளமும் கண்டற் சதுப்பும் அருகருகே அமைந்த அரிய இடம் அது. 1997ஆம் ஆண்டிலே சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பெற்று, 2001ஆம் ஆண்டிலே ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. இலங்கையில் அச்சிறப்பைப் பெற்ற இரண்டாவது ஈரநிலம் அதுவே. அச்சரணாலயத்தின் உள்ளேயும் இறாற் குளங்கள் தோண்டப்பட்டுக் கைவிடப்பட்டிருந்தன. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களமும் வயம்பப் பல்கலைக்கழக ஆய்வாளரும் தனியார் துறையின் உதவியோடு அங்கே மேற்கொண்ட வழி, வரம்பை உடைத்துக் கடலேற்றத்து நீர் மீண்டும் புக வழி செய்வதாகும். நீர் வந்தால் வித்தும் மிதந்து வரும். தனக்கேற்ற உயரத்தைத் தானே தெரிந்து ஊன்றும். மனிதன் செய்யவேண்டியது தடையை நீக்கிக் காவலிருத்தல். ஆயினும், அதே சரணாலயத்திலே 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கண்டல் நிலத்தின் ஒரு பகுதி இறால் வளர்ப்பின்பொருட்டு இயந்திரம் கொண்டு வெட்டி அழிக்கப்பட்ட செய்தி நாட்டையே வருந்தச் செய்தது. பல்லாண்டு உழைப்பை ஓர் இயந்திரம் ஓரிரு நாளிலே அழித்துவிடக் கூடும். காவல் என்பது அத்துணை இன்றியமையாதது.

தமிழ்நாட்டுப் பிச்சாவரத்திலும் இதே உண்மை கண்டறியப்பட்டது. அங்கே பழங்காலத்தில் காட்டைப் பட்டை பட்டையாக வெட்டியதனால் நிலம் தாழ்ந்து, தேங்கிய நீர் வற்றி, உப்பு மிகுந்து, காடு மீண்டும் முளையாது கிடந்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990களிலே மீன்முள் வடிவிலே கால்வாய்கள் வெட்டிக் கடல்நீர் ஓடச் செய்தன. நீர் ஓடியபின் காடு மீண்டது. கால்வாய் வெட்டியதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. சூழவுள்ள ஊர்களிலே மக்கள் குழுக்களை அமைத்துப் பராமரிப்பில் பங்கு கொடுத்தனர். ஊர் சேராத காடு நிலைக்காது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

இனி, இலங்கையின் முயற்சி உலகப் புகழையும் பெற்றுவிட்டது. 2015ஆம் ஆண்டிலே சிலாபத்தை மையமாகக் கொண்ட ‘சுதீச’ என்னும் சிறுமீனவர் அமைப்பு, அமெரிக்கத் தொண்டு நிறுவனமாகிய சீக்கோலஜியோடும் அரசோடும் கூடி, நாட்டின் கண்டற் காடு முழுவதையும் காக்கும் திட்டத்தைத் தொடங்கியது. களப்போரத்துப் பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் வழங்கி, அவர்களையே காட்டுக்குக் காவலராக்குவது அதன் வழி. 2016ஆம் ஆண்டு யூலை 26ஆம் நாள் பம்பலவிலே கண்டலுக்கென ஓர் அரும்பொருட்சாலை திறக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டிலே கண்டலுக்கெனத் தேசியக் கொள்கை ஒன்று வகுக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டிலே ஐக்கிய நாடுகள் அமைப்பு, இலங்கையின் கண்டல் மீட்பு முயற்சியை உலகின் முன்மாதிரி மீட்புப் பணிகளுள் ஒன்றாக அறிவித்தது. புகழ் வந்துவிட்டது. அப்புகழைக் காப்பவர் யார் என்பதே வினா.

திணைக்களங்கள் இருக்கின்றனவே என்று கேட்போர் கூறலாம். உண்மைதான். கண்டல் நிலத்தின் ஒரு பகுதி வனப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு உரியது. ஒரு பகுதி வனசீவராசிகள் திணைக்களத்துக்கு உரியது. கரையோரம் கரையோரம் பேணல் திணைக்களத்தின் பார்வையிலுள்ளது. அரச காணி பிரதேச செயலகத்தின் பொறுப்பிலுள்ளது. இவற்றோடு, வடமேல் மாகாணத்துக்கு வேறெந்த மாகாணத்துக்கும் இல்லாத சிறப்பு ஒன்றும் உண்டு. 1990ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க நியதிச் சட்டத்தினால் இம்மாகாணம் தனக்கெனச் சுற்றாடல் அதிகாரசபை ஒன்றை அமைத்துக்கொண்டது. இத்தனை கண்கள் இருந்தும் காடு குறைந்தமை ஏன்? பலர் ஆளும் நிலம் பல வேளைகளில் எவரும் ஆளாத நிலமாகிவிடுகிறது. மேலும், கொழும்பிலோ குருணாகலிலோ உள்ள அலுவலகத்துக்கு, முந்தலில் நேற்று இரவு உடைந்த வேலி தெரிய நாளாகும். அது மறுநாட் காலையிலேயே தெரியக்கூடிய அரசு ஒன்றே ஒன்றுதான் உண்டு: அதுவே பிரதேச சபை.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், பொதுச் சுகாதாரம், பொதுப்பயன் சேவைகள், வீதிகள் ஆகியவற்றோடு மக்களின் நலனையும் வசதியையும் பேணும் பொறுப்பைச் சபைக்கு அளிக்கிறது. கண்டல் என்னும் சொல்லை அச்சட்டத்தில் தேடவேண்டியதில்லை. சபையின் அன்றாடப் பணிகளிலேயே கண்டலின் வாழ்வும் சாவும் அடங்கியுள்ளன.

களப்போர வீதிக்கு மண் நிரப்புவது சபை. அவ்வீதியின் கீழே போதிய அகலமான மதகு வைத்தால் கடலேற்றத்து நீர் மறுபுறம் செல்லும். சிறு குழாயோடு நிறுத்திவிட்டால் மறுபுறத்துக் காடு ஆண்டுக்காண்டு மெலிந்து பட்டுப்போகும். மதகு ஒன்றின் அளவு ஒரு காட்டின் ஆயுளாகிறது. ஊர்க் குப்பையைச் சேர்ப்பது சபையின் கடமை. சேர்த்த குப்பையைக் களப்போரப் பள்ளத்திலே கொட்டி நிலம் உயர்த்தும் வழக்கத்தைக் கைவிடுவதும், பிறர் கொட்டாது தடுப்பதும் அதன் கையிலே உள்ளன. கட்டாக்காலி மாடுகளைப் பிடித்துக் கட்டும் அதிகாரமும் சபைக்கு உண்டு. கன்றுகள் மடிந்தமைக்கு மாடும் காரணமென ஆய்வாளர் கூறியதை நினைத்தால், சபையின் மாட்டுப்பட்டி எத்துணை பெரிய காடு காக்கும் கருவி என்பது விளங்கும். மேய்ச்சலுக்கு வேறிடம் காட்டாது மாட்டை மட்டும் பிடித்தால் மாட்டுக்காரர் பகையாவார். ஆகையால் அவரையும் அழைத்துப் பேசி இடம் ஒதுக்குவதே அறிவுடைமை. கட்டிட அனுமதியும் தொழில் உரிமமும் வழங்கும்போது, அந்நிலம் நீரோட்டத்தின் பாதையில் உள்ளதா என்று மற்றைத் திணைக்களங்களைக் கேட்டபின் கையொப்பமிடுவதும் சபையின் கடமையே.

மேலும், சுற்றாடலுக்கும் வசதிகளுக்குமென ஒரு குழுவை அமைக்கவும், சபை உறுப்பினர் அல்லாத ஊர்மக்களையும் குழுவிற் சேர்த்துக்கொள்ளவும் அச்சட்டம் இடமளிக்கிறது. மீனவர் சங்கத்தவர், இறால் வளர்ப்போர், மாடு வைத்திருப்போர், பள்ளிவாசல், கோயில், தேவாலய நிர்வாகிகள், களப்போரத்துப் பெண்கள், பாடசாலை ஆசிரியர் ஆகியோர் ஒரே மேசையில் அமர இதனினும் ஏற்ற இடம் யாது? தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழும் இக்கரையிலே, களப்பு ஒன்றே எல்லார்க்கும் பொதுவான முற்றம். இவ்வாறான குழு, தன் எல்லையிலுள்ள கண்டல் நிலங்களையும் கைவிடப்பட்ட குளங்களையும் ஒரு பதிவேட்டிலே எழுதி, ஆண்டுதோறும் ஒருமுறை சென்று பார்த்து, எத்தனை கன்று உயிரோடு நிற்கின்றது என்பதை எண்ணி, கூட்டத்திலே வாசித்தல் வேண்டும். எண்ணும் வேலையைப் பாடசாலை மாணவரே செய்யலாம். நட்ட தொகையை அறிவிக்கும் பலகைகள் ஏராளம். நிற்கும் தொகையை அறிவிக்கும் பலகைதான் வேண்டியது.

சபைக்குப் பணம் ஏது என்பது நியாயமான வினா. கிராமப்புறச் சபைகளின் வருவாய் சிறிது. வீதியும் விளக்கும் கேட்டு மக்கள் நாளும் வாயிலில் நிற்கின்றனர். ஆயினும், மேலே கூறியவற்றுட் பெரும்பாலானவை புதுச் செலவு வேண்டுவன அல்ல; செய்துவரும் செலவைச் செம்மையாகச் செய்வன. எப்படியும் கட்டப்படும் மதகைச் சற்று அகலமாகக் கட்டுவதும், எப்படியும் கொட்டப்படும் குப்பையைத் தகுந்த இடத்திலே கொட்டுவதும் பெருநிதி வேண்டுவன அல்ல. காவலுக்கும் கணக்கெடுப்புக்கும் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலே சிறுதொகை ஒதுக்கினால், அத்தொகையைக் காட்டி மாகாணத்திடமும் மத்திய அரசிடமும் தொண்டு நிறுவனங்களிடமும் உதவி கேட்கச் சபைக்கு வாயும் உண்டாகும்.

வறியவர் வயிற்றிலடிப்பதா என்பது மற்றொரு வினா. கண்டலை வெட்டி விறகு விற்பவரும், சிறு குளத்திலே இறால் வளர்ப்பவரும் பொழுதுபோக்குக்காக அதனைச் செய்யவில்லை. வேறு பிழைப்புக் காட்டாத தடை, இரவிலே மீறப்படும் தடையாகவே முடியும். பெண்களுக்குக் கடனும் பயிற்சியும் கொடுத்துக் காவலையும் ஒப்படைத்த முறையின் பொருள் இதுவே. உரிய விதிக்குட்பட்டு நடக்கும் பண்ணைக்காரரைப் பகைவராகக் கருதவும் வேண்டியதில்லை. தூய நீர் இல்லையேல் முதலிற் கெடுவது அவர் தொழிலே என்பதை 1996ஆம் ஆண்டு அவருக்குக் கற்பித்துவிட்டது.

எல்லாவற்றினும் கடினமானது காலத்தைப் பற்றிய இடர். சபையின் பதவிக்காலம் நான்கு ஆண்டு. கண்டற் கன்று காடாவதற்கோ அதனினும் நெடுங்காலம் வேண்டும். நட்ட தவிசாளர் ஒருவராகவும் நிழலைக் காணும் தவிசாளர் வேறொருவராகவும் இருப்பர். சில வேளை இடைவெளியும் நேரும். 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தபின், 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் தேர்தல் நடைபெறும்வரை தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் இன்றியே அவை இயங்கின. இரண்டாண்டு கவனிப்பார் இன்றிக் கிடந்தால் மடியக்கூடிய இளங்கன்றுக்கு அது நீண்ட காலம். ஆகையால் இப்பணி ஒரு தலைவரின் ஆர்வத்தில் மட்டும் தங்கியிருத்தல் ஆகாது. உபவிதியாகவும், பதிவேடாகவும், வரவு செலவுத் திட்டத்தின் ஒரு வரியாகவும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். ஆட்கள் மாறினும் ஏடு மாறாதிருப்பதே ஆட்சியின் பலம்.

புத்தளக் கரைக்கு வேண்டிய அறிவு கிடைத்துவிட்டது. கன்று எங்கே பிழைக்கும், எதனால் மடியும் என்பது கற்பிட்டியிலும் பம்பலவிலும் செய்து காட்டப்பட்டுவிட்டது. எஞ்சியிருப்பது மதகு கட்டும்போதும், குப்பை அள்ளும்போதும், உரிமத்தில் கையொப்பமிடும்போதும் களப்பை நினைவிற் கொள்ளும் ஒரு பழக்கமே. அப்பழக்கம் சபையிலே வேரூன்ற வேண்டுமாயின், வாக்குக் கேட்டு வருபவரிடம் வீதியையும் விளக்கையும் பற்றிக் கேட்கும் வாக்காளர், ‘சென்ற ஆண்டு நட்ட கண்டலில் எத்தனை நிற்கின்றன?’ என்றும் கேட்கத் தொடங்குதல் வேண்டும்.